இன்னொண்ணு மாமா சொன்ன பொய்

இன்னொண்ணு மாமா ஒரு பொய்யர். கொல்கத்தாவில், பாலிகஞ்சில் எங்கள் தமிழ்ச் சங்க ஹாலில், கொலுவுக்கு எதிரே நின்று, மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு பொய் சொன்னார். நான் முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். இன்றுவரை அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். எனக்கு நயமாக எழுத வராது. பிடிக்காதவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போகலாம்.

முதலில் ஆளைச் சொல்லிவிடுகிறேன். ஹூக்ளி நதியின் இரண்டு கரையிலும் தேடினாலும், சக மனிதர்களை நிம்மதியாக இருக்க விடாத விஷயத்தில் இவரை மிஞ்ச ஆள் கிடையாது. வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய நிஜப் பெயர் எங்கள் கட்டடத்து வாசல் பலகையில் இருந்தது. யாரும் படித்ததில்லை. எதைக் காட்டினாலும் அவர் கேட்பது ஒரே கேள்வி: "சரி, இன்னொண்ணு எங்கே?" புதுக் குடையோடு லிஃப்டில் ஏறினால் கேட்பார். புதுச் சாவி செய்தால் கேட்பார். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்தாயிற்று என்று சொன்ன வீட்டிலும் வாய் தவறிக் கேட்டு, பத்மா மாமி அவரைக் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போயிருக்கிறார்.

பத்மா மாமி அவருடைய மனைவி. மாமாவிடம் ஒன்றே ஒன்றாக இருந்தது மாமி மட்டும்தான். மற்றபடி மூக்குக் கண்ணாடி இரண்டு, பர்ஸ் இரண்டு, கைக்குட்டை இரண்டு. மகனைப் பார்க்கப் புனே கிளம்பியபோது, இரண்டு பேரும் ஒரே ரயிலில் போகக்கூடாது, ஒருவர் முதலில், மற்றவர் அடுத்த வண்டியில் என்று அடம் பிடித்தார். ஒரு வண்டிக்கு ஏதாவது ஆனாலும் ஒருவராவது போய்ச் சேரலாமாம்.

"அப்போ நான் ஒரிஜினலா டூப்ளிகேட்டா, அதை முதல்ல சொல்லிடுங்கோ" என்றார் மாமி.

மாமா ஒரே ரயிலில் டிக்கெட் எடுத்தார்.

இந்த வியாதி கம்ப்யூட்டர் பக்கம் திரும்பியதற்கு ஒரு காரணம் உண்டு. ஒரு நாள் காலையில் அவர் வீட்டுக் கம்ப்யூட்டர் செத்துப்போனது. மகனுடைய சின்ன வயதுப் படங்கள், முதல் பேச்சு, முதல் சைக்கிள், எல்லாம் அதற்குள். இரண்டு குடை வைத்திருந்தவருக்கு அவற்றில் இரண்டு வைத்துக்கொள்ளத் தோன்றவில்லை. அந்த வாரம் முழுக்க அவர் யாரிடமும் பேசவில்லை. அதற்குப் பிறகு பேச்சை நிறுத்தவேயில்லை.

மொட்டை மாடியில் கூட்டம் போட்டார். தமிழ் வீடுகள், சில வங்காள வீடுகள், இரண்டாம் மாடியில் வாடகைக்கு இருந்த கார்த்திக். கார்த்திக் மென்பொருள் கம்பெனியில் வேலை பார்ப்பவர், திருநெல்வேலிக்காரர். அவர் பாவம், நல்லெண்ணத்தில்தான் வாயைத் திறந்தார்.

"கிளவுட்ல போட்டா முடிஞ்சிச்சு சார். தானா ஏறிரும்."

"கிளவுட்னா அது யார் வீடு?"

"வீடு இல்ல சார். சர்வர்."

"அந்த சர்வர் யார் வீட்டுல இருக்கு?"

"வெளிநாட்டுல எங்கயாச்சும் இருக்கும் சார்."

"பாஸ்வேர்டு மறந்துட்டு நான் போய்க் கதவைத் தட்டினா யாராவது திறப்பாளா?"

கார்த்திக் யோசித்தார். "மெயில் போடணும் சார்."

"விசாலம் வீட்டுக் கதவைத் தட்டினா அவ திறப்பா. காபியும் குடுப்பா" என்றார் மாமா. "எனக்கு விசாலம் போதும்."

விசாலம் மாமி இரண்டு தெரு தள்ளி, நாலாம் மாடியில் இருப்பவர். அவரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

கார்த்திக் விடவில்லை. தினமும் தானாகவே ஓடுகிற மென்பொருள், பழையது ஒரு பக்கம், புதியது ஒரு பக்கம் என்று என்னென்னவோ படம் போட்டுக் காட்டினார். மாமா பொறுமையாகக் கேட்டுவிட்டு அவருடைய முறையைச் சொன்னார். கம்ப்யூட்டரில் 'வீடு' என்று ஒரே ஃபோல்டர். தொலைந்தால் அழுகை வருகிற எல்லாம் அதற்குள். ஆளுக்கு இரண்டு சின்ன டிஸ்க். ஞாயிற்றுக்கிழமை ஃபோல்டரை அப்படியே டிஸ்க்கில் நகல் எடுக்க வேண்டும். ஒரு டிஸ்க் நம் வீட்டில், ஒரு டிஸ்க் வேறு வீட்டில். அடுத்த ஞாயிறு மாற்றிக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான்.

"இதுக்கு மேல ஒரு பட்டன் ஜாஸ்தியானாலும் நீங்க யாரும் பண்ண மாட்டேள்" என்றார். "உங்களை எனக்குத் தெரியும்."

தெரியும்தான். ஒரு பட்டனையே நாங்கள் ஒழுங்காக அழுத்தவில்லை. அதனால் அவரே ஞாயிற்றுக்கிழமை காலையில் வீடு வீடாக வந்து மணி அடித்தார். கையில் நாலடுக்கு டிபன் கேரியர். ஒவ்வொரு அடுக்கிலும் துண்டில் சுற்றிய டிஸ்க். விசாலம் மாமி கட்டடத்துக் காவலாளி வாராவாரம் சாப்பாடு போகிறது என்று நினைத்து, "ஆஜ் கீ ரான்னா?" என்று கேட்பார். இன்றைக்கு என்ன சமையல் என்று அர்த்தம். மாமா சிரிக்காமல் "சோபி" என்பார். படங்கள் என்று அர்த்தம். காவலாளி அதை ஏதோ மதராஸிக் கூட்டு என்று நினைத்துக்கொண்டார்.

"ஏன் மாமா, வாரத்துல இந்த ஒரு நாள்தான் நான் தூங்கறேன்" என்று நான் சண்டை போட்டிருக்கிறேன்.

"தூங்கு, யார் வேண்டாம்னா? டிஸ்க்கைக் குடுத்துட்டுத் தூங்கு."

கொடுத்தாலும் விடமாட்டார். "திறந்து காட்டு" என்பார். திறந்து பார்க்காத நகல் நகலே இல்லையாம். அவர் கண்ணை மூடிக்கொண்டு விரல் வைக்கிற கோப்பைத் திறக்க வேண்டும். என் வீட்டில் விரல் வைத்தார். நான் சோபாவில் வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிற படம் வந்தது. என் பெண் எடுத்தது.

"தெளிவா இருக்கு" என்றார். "பத்திரமா வெச்சுக்கோ."

இப்படிப்பட்டவரால்தான் என் பெண் நித்யாவின் நாலு வருஷ வேலை ஊர் சுற்றப் போயிற்று.

நித்யா ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். ஹவுராவின் சின்னச் சின்ன லேத் பட்டறைகளில் வேலை செய்தவர்களிடம் பேசிப் பேசிக் குரலைப் பதிவு செய்தாள். பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்த நேரம். சிலர் பீகாருக்குத் திரும்பிப் போய்விட்டார்கள். ஒரு பட்டறையை இடித்துக் குடியிருப்பு கட்டிவிட்டார்கள். முதலாளிகளைப் பற்றி மனம் திறந்து பேசியவர்களிடம், இது இணையத்தில் எங்கும் ஏறாது, என் வீட்டில்தான் இருக்கும் என்று வாக்குக் கொடுத்திருந்தாள். ஆகவே கார்த்திக்கின் கிளவுட் அவளுக்கு உதவாது. மாமாவின் 'வீடு' ஃபோல்டர்தான். பூஜை விடுமுறை முடிந்ததும் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். அந்தக் குரல்களும் கூடவே போக வேண்டும்.

நவராத்திரி அந்த வருஷம் ஞாயிற்றுக்கிழமை ஆரம்பித்தது. மாமா டிஸ்க் வாங்க வந்தார். கையில் டிபன் கேரியர் இல்லை. கொலுவுக்குச் சுண்டல் எடுத்துப்போக மாமி அதைப் பறித்துக்கொண்டுவிட்டார். மாமா என்ன செய்தார் தெரியுமா? மாமி அலமாரியிலிருந்து ஒரு ரவிக்கைத் துணியை எடுத்து, டிஸ்க்குக்கு அடி படாமல் மடிப்புக்குள் வைத்து, ஒரு மஞ்சள் பையில் போட்டு, விசாலம் மாமியின் மருமகளிடம் கொடுத்து, "பத்திரம்மா" என்று சொல்லிவிட்டு வந்தார்.

நவராத்திரி. மஞ்சள் பை. உள்ளே ரவிக்கைத் துணி. தமிழ் வீட்டில் பிறந்த எவருக்கும் நான் மேலே சொல்ல வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கொலு பார்க்க வருகிற பெண்களுக்கு வெற்றிலை, பாக்கு, மஞ்சள், தேங்காயோடு ஒரு ரவிக்கைத் துணி கொடுப்பது வழக்கம். அதை யாரும் தைத்துப் போடுவதில்லை. மடிப்பைப் பிரிப்பதுகூட இல்லை. வந்த பையில் வேறு தேங்காயை வைத்து அடுத்தவருக்குக் கொடுத்துவிட வேண்டும். பல ரவிக்கைத் துணிகள் என்னைவிட அதிகமாகக் கொல்கத்தாவைச் சுற்றிப் பார்த்தவை.

செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து மழை. எங்கள் வீடு தரைத் தளம். நான் அலுவலகத்தில், நித்யா கல்லூரியில். இரண்டு பேரும் முழங்கால் தண்ணீரில் நடந்து வீட்டுக்கு வந்தபோது, மேஜைக்குக் கீழே கம்ப்யூட்டர் பெட்டி முங்கிக் கிடந்தது. பக்கத்தில் வயரோடு சேர்த்து வீட்டு டிஸ்க்கும் முங்கிக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை செருகியதை எடுத்து மேலே வைக்க அவளுக்கு நேரமில்லையாம். பழுது பார்க்கிற கடைக்காரர் இரண்டையும் குலுக்கிப் பார்த்தார். உள்ளே தண்ணீர் ஆடியது. கையை விரித்தார்.

"தூர், அம்மா, அழாதே" என்றாள் நித்யா. வங்காளத்தில் சலித்துக்கொள்வதுதான் அவள் பழக்கம். "விசாலம் மாமி வீட்டுல மூணாவது இருக்கே. மாமாவோட சிஸ்டம் இதுக்குத்தானே?"

இதுக்குத்தான். நானும் நித்யாவும் மாமாவும் விசாலம் மாமி வீட்டுக்குப் போனோம். மருமகள் அலமாரியைத் திறந்தாள். மூடினாள். மாமியாரைப் பார்த்தாள்.

"எந்தப் பை?" என்றார் விசாலம் மாமி.

"மஞ்சள் பை. பச்சையில மாங்காய்க் கரை போட்ட ப்ளவுஸ் பிட்" என்றார் மாமா.

"அதுவா? தைக்கக் குடுத்திருக்கேன்."

"எந்த டெய்லர்?"

"அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு?"

பை கை மாறிவிட்டது என்று புரிந்துபோனது. நான் கத்தினேன். "யாருக்குக் குடுத்தேள்னு சொல்லுங்கோ மாமி, போய் வாங்கிக்கறோம்." விசாலம் மாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். "எனக்கு வந்ததை நான் இன்னொருத்தருக்குக் குடுப்பேனா? என்னை என்னன்னு நெனச்சே ஜெயா?"

இதுதான் சங்கடம். பையைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால், யாராவது ஒருவர் வந்ததைத் தள்ளிவிட்டேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். எல்லோரும் செய்கிற காரியம். எல்லோருக்கும் தெரிந்த காரியம். ஒருவரும் ஒப்புக்கொள்ளாத காரியம். அடுத்த மூன்று நாளும் நாங்கள் வீடு வீடாகப் போனோம். போன வீட்டிலெல்லாம் பச்சை ரவிக்கை டெய்லரிடம் இருந்தது. அப்படிப் பார்த்தால் அந்த வாரம் பாலிகஞ்ச் டெய்லர்கள் வேறு நிறமே தைத்திருக்க முடியாது. பெண்கள் மட்டும் உட்கார்ந்திருக்கிற கொலு ஹாலுக்குள் மாமா நுழைந்து பைகளை விரலால் அமுக்கிப் பார்த்ததில் இரண்டு வீடுகள் அவரிடம் பேச்சை நிறுத்தின. பத்மா மாமியையும் கேட்டார். "நான் அந்த மாதிரி பண்றவளா?" என்று மாமி திருப்பிக் கேட்டார். மாமா மன்னிப்புக் கேட்டார்.

நித்யா சாப்பிடுவதை நிறுத்தினாள். மறுபடி ஹவுரா போய்ப் பார்த்தாள். பூட்டிய கதவுகளைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். ஒரு வருஷம் தள்ளிப் போடலாம் என்று நான் சொன்னேன்.

"தள்ளிப் போட்டா அவா திரும்பி வந்து பேசுவாளா அம்மா?" என்றாள்.

பக்கத்தில் நின்ற மாமா படியேறிப் போனார்.

சனிக்கிழமை சங்கத்தின் பொதுக் கொலு. பாட்டு முடிந்ததும் மாமா நேராகப் போய் மைக்கை வாங்கினார். மறுபடி டிஸ்க் பிரசங்கம் என்று நினைத்துப் பாதிப் பேர் சுண்டலைப் பார்த்துத் திரும்பினார்கள்.

"நான் ஒரு விஷயம் ஒத்துக்கணும்" என்றார். "எனக்கு வர பரிசு எதையும் நான் வெச்சுக்கறதில்லை. அப்படியே தள்ளி விட்டுடுவேன். விசாலம், உன் பிள்ளை கல்யாணத்துக்கு ஒரு சுவர்க் கடிகாரம் குடுத்தேனே, அது எனக்கு வேற கல்யாணத்துல வந்தது. டப்பாவைப் பிரிக்கக்கூட இல்லை. இந்த ஹால்ல என்னை மாதிரி அல்பம் வேற யாரும் இருக்க முடியாது. அதனால நீங்க யாரும் வெக்கப்பட வேண்டாம். அந்தக் குழந்தையைப் பாருங்கோ. பச்சை ப்ளவுஸ் பிட் யார்கிட்ட போச்சு, அதை மட்டும் சொல்லுங்கோ."

யாரோ ஒருவர் சிரிப்பை அடக்குவது கேட்டது. விசாலம் மாமி எழுந்தார்.

"ப்ளவுஸ் பிட்டைக் கோமதிக்குக் குடுத்தேன்" என்றார். "கடிகாரத்தை நாளைக்குக் காலம்பர அனுப்பிடறேன்."

எல்லோரும் கோமதி மாமியைப் பார்த்தார்கள். கோமதி மாமி தன் சுண்டலைப் பார்த்தார். "வந்த பைதானே, நான் எங்கே பிரிச்சுப் பாத்தேன்? புதன்கிழமை பத்மாவுக்குக் குடுத்தேன்."

இப்போது எல்லோரும் பத்மா மாமியைப் பார்த்தார்கள். மாமாவும் பார்த்தார், மைக்கை வைக்க மறந்து.

"நம்மாத்துத் துணி மாதிரியே இருக்கேன்னு நெனச்சேன்" என்றார் மாமி மெல்ல. "கோமதிக்கும் என்னை மாதிரியே ரசனை இல்லைன்னு நெனச்சுண்டு, மூணாம் மாடி பௌதிக்குக் குடுத்துட்டேன்."

பௌதி என்றால் அண்ணி. வங்காள வீட்டுப் பெண்ணை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். எங்கள் கட்டடத்திலேயே, என் தலைக்கு மூன்று மாடி மேலே. நாங்கள் ஊரெல்லாம் சுற்றினோம்.

ஹாலிலிருந்து கிளம்பி ஓடினோம். நாங்கள் மட்டுமில்லை, பாதி ஹால் எங்களோடு வந்தது. தெருவெல்லாம் துர்கா பூஜைக் கூட்டம், ஒலிபெருக்கி, டாக் மேளம். கூட்டத்தை இடித்துக்கொண்டு பட்டுப்புடவையில் தமிழ் மாமிகள் ஓடுவதைப் பார்த்து, எந்தப் பந்தலில் என்ன விசேஷம் என்று இரண்டு பேர் கூடவே ஓடி வந்தார்கள்.

பௌதி கதவைத் திறந்தார். எங்களைப் பார்த்ததும் சந்தோஷம். பையைப் பற்றிக் கேட்டோம். அவருக்கு எங்கள் வழக்கம் தெரியாது. ரவிக்கைத் துணி என்றால் தைத்துப் போடுவதற்கு என்று நம்பிய ஒரே மனுஷி அவர்தான். கிடைத்த அன்றே மடிப்பைப் பிரித்திருக்கிறார். "உள்ளே வாங்க" என்று பூஜை அலமாரி முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். லட்சுமி படத்துக்குப் பக்கத்தில், சிவப்புத் துணியின் மேல், நித்யாவின் டிஸ்க் உட்கார்ந்திருந்தது. நடுவில் குங்குமப் பொட்டு. முன்னால் ஒரு சந்தேஷ் இனிப்பு, இரண்டு துளசி இலை.

"ஏட்டா தோமாதேர் டாகூர் நா?" என்று கேட்டார். இது உங்கள் சாமி இல்லையா என்று. மஞ்சளும் வெற்றிலையும் தேங்காயும் சேர்ந்து வந்தால் பாவம் அவர் வேறென்ன நினைப்பார்?

மாமா செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் டிஸ்க்கை எடுத்தார். பௌதி மகனின் லேப்டாப்பில் செருகினார்கள். "திறந்து காட்டு" என்று மாமா சொல்லவில்லை. நித்யாதான் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றின் மேல் விரல் வைத்தாள்.

லேத் ஓடுகிற சத்தம். அதற்கு நடுவே ஒரு கிழவரின் குரல், இந்தியில்: முதலில் டீ குடி மகளே, பிறகு கேள்.

நித்யா அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். பௌதி டீ போடப் போனார். மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு பையிலிருந்து இன்னொன்றை எடுத்து அதையும் துடைத்தார்.

ஆய்வேடு குறித்த நாளில் போய்ச் சேர்ந்தது. நித்யா இப்போது டாக்டர் நித்யா.

இனி அந்தப் பொய். அந்தக் கடிகாரம் எந்தக் கல்யாணத்திலும் வந்ததில்லை. கரியாஹாட் கடையில் மாமா அதை வாங்கியபோது நான் பக்கத்தில் நின்றேன். வேண்டுமானால் அங்கேயே கேட்டுப் பாருங்கள், ஒரே மாதிரி இரண்டு வாங்கினால் எவ்வளவு குறைப்பாய் என்று கடைக்காரரை அரை மணி நேரம் அறுத்த மனிதரை அந்தக் கடையில் மறந்திருக்க மாட்டார்கள். ஒன்று விசாலம் மாமிக்குப் போனது. இன்னொன்றை மாமா தன் வீட்டுச் சமையலறையில் மாட்டினார். விசாலம் மாமி சொன்னபடியே மறுநாள் கடிகாரத்தைத் திருப்பி அனுப்பினார். மாமா அதையும் பக்கத்திலேயே மாட்டினார். இரண்டும் ஒரே நேரம் காட்டுகிறதா என்று பார்க்க நாற்காலியில் ஏறி நின்றார். பத்மா மாமி அந்தப் பக்கம் பார்க்காமல் சமைத்தார்.

"விசாலம் மாமிகிட்ட நான் நிஜத்தைச் சொல்லிடறேன்" என்றேன்.

"சொல்லாதே. சொன்னா அடுத்த தடவை யாரும் வாயைத் திறக்க மாட்டா."

"உங்களை ஊரெல்லாம் அல்பம்னு சொல்றாளே."

"சொல்லட்டும். டிஸ்க் கிடைச்சுதா இல்லையா?"

போன வருஷம் மாமாவும் பத்மா மாமியும் புனேவுக்கு மகனோடு போய்விட்டார்கள். விசாலம் மாமி இன்றைக்கும் எந்தக் கல்யாணத்தில் உட்கார்ந்தாலும் அந்தக் கடிகாரக் கதையைச் சொல்கிறார். கேட்கிறவர்கள் சிரிக்கிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது. நான் சொன்னால், ஜெயாவுக்கு அவர் மேல் பாசம், அதனால் பூசி மெழுகுகிறாள் என்கிறார்கள். ஃபோனில் கேட்டால் மாமா பேச்சை மாற்றுகிறார்.

மாமா, இந்தப் பத்திரிகை உங்களுக்கு அங்கேயும் வருகிறது என்று தெரியும். ஃபோன் வேண்டாம். இதிலேயே எழுதுங்கள், விசாலம் மாமியும் மற்றவர்களும் படிக்கும்படி எழுதுங்கள். அந்தக் கடிகாரத்தை நீங்கள் காசு கொடுத்து வாங்கினீர்களா, இல்லையா? என் பெண்ணுக்காகப் பொய் சொன்னீர்களா, இல்லையா? ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தூங்க முடிந்தும் தூக்கம் வராத ஒருத்தி கேட்கிறாள். பதில் சொல்லுங்கள்.